பின்பாரம்

வெள்ளி

வாழைக்குலையை இறக்கிய பிறகும் வண்டியின் பின்பக்கம் நிமிரவில்லை. வலப்புறம் தொட்டிக்கும் டயருக்கும் நாலு விரல் இடைவெளி, இடப்புறம் இரண்டு. ஜீப் வம்சத்து மஹிந்திரா பிக்கப், பாறசாலைப் பதிவு, கேஎல் 19. தனுவச்சபுரம், உதியன்குளங்கரைப் பக்கத்துக் குலைகளையும் மரச்சீனியையும் களியக்காவிளைச் சந்தைக்கு அடித்தே இந்த முதுகு வளைந்தது.

பார்க்கிறவர்களெல்லாம் ஒரே வைத்தியம் சொல்கிறார்கள்: ஸ்பிரிங் பட்டையில் ரெண்டு பிளேட்டு கூட்டிப் போடு. இந்தக் கேரள-தமிழ்நாட்டு எல்லையில் பாதிப் பழைய பிக்கப்புகள் அப்படித்தான் காலி வண்டியாக ஓடும்போது பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு போகின்றன. எனக்கு அது பிடிக்கவில்லை.

சனி

எல்லைக்கு அந்தப் பக்கம், களியக்காவிளைப் பட்டறை. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு இன்றைய தமிழ்நாட்டுக்குப் போயிற்று, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆக்சில் கழற்றுகிறவர்களுக்கு அந்தச் சேதி அவ்வளவாக எட்டவில்லை. கேஎல் 19, கேஎல் 20, டிஎன் 75 எல்லாம் ஒரே குழியின் மேல் நிற்கும். பேச்சு பாதி மலையாளம், பாதி தமிழ். ஏச்சு மட்டும் முழுத் தமிழ்.

மேஸ்திரி அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இது பட்டை வேலை மட்டும் இல்ல. முழுசா இறக்கணும்” என்றார்.

“இறக்குங்க அண்ணே.”

திங்கள்

இடப்பக்கச் செட்டில் மூன்றாவது பட்டை, சென்டர் போல்ட் ஓட்டையின் அருகே விரிசல் விட்டிருந்தது. பட்டைகளுக்கு நடுவே செங்கல்பொடி போலத் துரு. ஒவ்வொரு பட்டையின் நுனியும் மேல்பட்டையில் உரசி உரசி நகம் பதிந்த மாதிரி பள்ளம் போட்டிருக்கிறது. சாக்கிள் புஷ் ரப்பர் ஒரு பக்கமாகத் தேய்ந்து, பின் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

எனக்குப் புதிதாகத் தெரிந்தது வேறு. இடச் சக்கர டிரம்முக்குள் ஆயில். சீல் போய்விட்டது என்று மாற்றிவிட்டுப் போயிருப்பார்கள் வேறு யாராவது. மேஸ்திரி ஹவுசிங்கின் மேலிருந்த சின்ன பிரீதரைக் கழற்றிக் காட்டினார். சேறு உறைந்து அடைத்திருந்தது. ஓட ஓட உள்ளே ஆயிலும் காற்றும் சூடாகி விரியும். போக வழியில்லாவிட்டால் சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக் லைனிங்குக்குத்தான் வரும். இறக்கத்தில் பின்சக்கர பிரேக் பிடிக்காததற்குக் காரணம் இந்தக் கடுகளவு ஓட்டை.

செவ்வாய்

பெரிய வண்டி ஒன்றின் புல் ஃப்ளோட்டிங் ஆக்சில் பழைய இரும்புக் கடையில் கிடக்கிறதாம். ஆசைதான். என் வண்டியில் இருப்பது செமி ஃப்ளோட்டிங்: ஷாஃப்டுதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது, அதே ஷாஃப்டுதான் பாரத்தையும் தாங்குகிறது. ஒடிந்தால் சக்கரத்தோடு வெளியே வந்துவிடும். புல் ஃப்ளோட்டிங்கில் பாரம் ஹப் பேரிங் வழியாக ஹவுசிங்கின் மேல் உட்காரும். ஷாஃப்ட் ஒடிந்தாலும் சக்கரம் நிற்கும்.

ஆனால் அதன் அகலம் வேறு, டிரம் வேறு, கிரவுன் பினியன் பல் கணக்கு வேறு. சட்டமும் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்திலிருந்து ஆர்.சி. புத்தகம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது கேரளத்திலிருந்து போன வழக்கில்தான். மேலும், ஆக்சில் பெரிதானால் புத்தகத்திலுள்ள மொத்த எடை கூடிவிடாது. கூடுதல் பாரத்தோடு பிடித்தால் சட்டப்படி 20,000 ரூபாய், அதன்மேல் அதிகப்படியான டன்னுக்கு 2,000.

பிளேட்டு கூட்டினாலும், கனத்த பட்டை போட்டாலும் கதை இதே. பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடியாக ஏறும்: 7 மில்லிமீட்டருக்குப் பதில் 8 போட்டால் அந்தப் பட்டை கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு விறைக்கும். முன்பு பட்டை வளைந்து வாங்கிய குலுக்கலை இனி ஹவுசிங்கும் சேஸிஸும் வாங்கும். பின்பக்கம் உயர்ந்தால் பினியன் கோணம் மாறி, புரொப்பல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட் நடுங்கும். சில பிக்கப்புகளில் பாரத்துக்குத் தக்கபடி பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று ஆக்சிலோடு கோர்த்திருக்கும். உயர்ந்து நிற்கிற வண்டியைக் காலி என்று நினைத்து அது பிரேக்கைக் குறைத்துவிடும். இதை எந்தப் பட்டறையிலும் யாரும் முதலில் சொல்வதில்லை.

முடிவு: கம்பெனி அளவிலேயே இருபுறமும் புதுப் பட்டைச் செட்டு. பேரிங், சீல், புஷ், ஷாக் அப்சார்பர் புதிது. ஹவுசிங் பழையதே, நேராக இருக்கிறது, அளந்தாயிற்று.

வியாழன்

பழைய யு போல்ட்டையே போடலாம் என்றான் பையன். ஒருமுறை நீண்ட மரை மறுபடி பிடி கொடுக்காது என்று மேஸ்திரி அதைத் தூக்கி எறிந்தார். சாக்கிள் நட்டையும் ஜாக்கியில் தொங்கும்போது இறுக்க விடவில்லை. சக்கரம் தரையில் ஊன்றிப் பாரம் ஏறியபின்தான் இறுக்கினார். இல்லையென்றால் புஷ் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே கிடந்து கிழியும்.

இருபுறமும் நாலு விரல். 500 கிலோமீட்டர் ஓடியதும் யு போல்ட்டை மறுபடி இறுக்க வரச் சொன்னார்.

சனி

சந்தையில் குலை வியாபாரி வண்டியைச் சுற்றிவந்தார். “பட்டையெல்லாம் புதுசாக்கியாச்சே, இனி கொஞ்சம் கூடுதலா ஏத்தலாம் இல்லியா?”

“ரெண்டு நடையா அடிக்கலாம். வாடகையும் ரெண்டு.”

அவர் முகம் சுளித்துக்கொண்டு பின்பக்கம் தூக்கி நிற்கிற இன்னொரு வண்டியை விசாரிக்கப் போனார். சாயங்காலம் போன் வந்தது: ஒன்றரை வாடகைக்கு ரெண்டு நடை வருமா என்று. ஒன்றேமுக்காலில் முடிந்தது.