பல்கலைக்கழகத்தில் ஒரு பகல்

சாத்தாங்காட்டில் சுபுஹுத் தொழுகை முடிந்து வெளியே வரும்போதே இரும்பின் ஓசை தொடங்கிவிடும். இரவெல்லாம் வரிசையில் நின்ற டிரெய்லர் லாரிகள் ஒவ்வொன்றாக அங்காடிக்குள் நுழையும். சுருள் தகடும் கட்டுக் கம்பியும் கிரேனில் ஏறி இறங்கும். ஜார்ஜ் டவுனின் நெருக்கடியான சந்துகளில் நடந்துவந்த இரும்பு வாணிபத்தை நகருக்கு வெளியே கொண்டுவர சி.எம்.டி.ஏ. அமைத்த அங்காடி இது. மேற்கே மணலியின் புகைபோக்கிகள். கிழக்கே திருவொற்றியூர்க் கடல். இரண்டுக்கும் இடையில் வாழ்கின்ற நம்மவர் குடும்பங்கள் கொஞ்சமல்ல.

நம் மைத்துனர் இந்த அங்காடியில் ஓர் எடை மேடையில் கணக்கர். வே பிரிட்ஜ் என்றால்தான் இங்கே எவருக்கும் புரியும். வெறும் லாரியை நிறுத்தி ஓர் எடை, பாரம் ஏற்றியபின் ஓர் எடை, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சீட்டில் எழுதிக் கையெழுத்து. இருபத்தாறு ஆண்டுகளாக இதுவே அவருடைய தொழில். ஒரு கிலோ கூடவும் எழுதமாட்டார், குறைத்தும் எழுதமாட்டார். எவருக்கும் அஞ்சாத அந்த மனிதர் தம் மகள் விஷயத்தில் மட்டும் அஞ்சினார்.

மகள் வடசென்னைக் கல்லூரி ஒன்றில் இளங்கலை வரலாறு இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தாள். முதுகலையைச் சேப்பாக்கத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. “போதும்மா, ஒரு பட்டம் வாங்கியாச்சு” என்பது அத்தாவின் பதில். தூரம் என்றார், கூட்டம் என்றார், மாப்பிள்ளை பார்க்க வேண்டும் என்றார். இறுதியில் ஒரு நாள் நம்மிடம் மனத்தைத் திறந்தார்: “மச்சான், அது பெரிய இடம். நம்ம மாதிரி ஆளுங்க பிள்ளைங்களுக்கு அங்கே என்ன வேலை?”

அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்லும் தகுதி நமக்கு இல்லை. காரணத்தை வாசக அன்பர்களிடம் மறைப்பானேன்? முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் நம் தங்கை பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்களோடு தேறி வந்தபோது, “போதும்” என்ற சொல்லை முதலில் உச்சரித்தது நம் வாய்தான். அத்தா மௌத்தாகி ஓராண்டு ஆகியிருந்த நேரம். வீட்டுக்கு மூத்தவர் நாம். மேல்நிலைப் பள்ளிக்குப் பேருந்து மாறிச் செல்ல வேண்டும் என்பதே நாம் கண்ட பெருங்குற்றம். தங்கை மறுமொழி கூறவில்லை. புத்தகங்களைத் துணியில் கட்டிப் பரணில் ஏற்றினாள். அந்த மௌனம் இன்றளவும் நம் கணக்கில் பற்றாகவே நிற்கிறது. அந்தத் தங்கையின் மகள்தான் இந்த மருமகள்.

இந்நிலையில்தான் பல்கலைக்கழக வளாகத்தில் கல்லூரி மாணவர்களுக்கான ஒருநாள் நிகழ்ச்சி வந்தது. காலையில் பேச்சும் கட்டுரையும், பிற்பகலில் கண்காட்சியும் நூலகம் காண்பதும், மாலையில் பரிசளிப்பு. மருமகள் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தாள். “மச்சான், படிக்க அனுப்ப வேண்டாம். ஒரு நாள் பார்த்துவிட்டு மட்டும் வருவோம்” என்றோம். ஞாயிறு தவிர விடுப்பே எடுத்தறியாத மனிதர், ஏனோ இசைந்தார்.

நால்வரும் புறப்பட்டோம். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்ட பிறகு வடசென்னையின் தொலைவுகள் சுருங்கிவிட்டன. திருவொற்றியூரில் ஏறிய வண்டி வீட்டுக் கூரைகளுக்கு மேலே ஓடி, தண்டையார்பேட்டையை நெருங்கும்போது நிலத்துக்குள் இறங்கியது. மண்ணடி, உயர்நீதிமன்றம், சென்ட்ரல் என்று கடந்து அரசினர் தோட்டத்தில் கொண்டுவந்து இறக்கிற்று. வண்டி மாறவே இல்லை. தங்கை கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு நம்மைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

அங்கிருந்து கடலை நோக்கிச் செல்லும் சாலையின் பெயர் வாலாஜா சாலை. ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் பெயர் அது. சாலை முடியுமிடத்தில் அவர் 1768இல் எழுப்பிய சேப்பாக்கம் மாளிகை நிற்கிறது. 1855இல் கடைசி நவாப் குலாம் கௌஸ் கான் வாரிசின்றி மறைந்ததும் கும்பினி ஆட்சி நவாப் பட்டத்தை ஒழித்தது. மாளிகை ஏலத்துக்கு வந்து, அரசின் கைக்கே போயிற்று. அந்த மாளிகைத் தோட்டம் ஒரு காலத்தில் கூவத்திலிருந்து கடற்கரை வரை பரந்திருந்தது. இன்றைய பல்கலைக்கழகம் அந்த எல்லைக்குள்தான் எழுந்துள்ளது.

இவற்றையெல்லாம் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தவள் மருமகள். மைத்துனர் கேட்டும் கேளாதவர்போல் நடந்தார். பல்கலைக்கழக வாயிலை அடைந்ததும் அவருடைய நடை தளர்ந்தது. சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். வாயிற்காவலர் அதைக் கேட்கவே இல்லை. “நிகழ்ச்சிக்கா ஐயா? நேரே போய் இடப்பக்கம்” என்றார். மைத்துனர் அட்டையைப் பைக்குள் வைக்கச் சிறிது நேரமாயிற்று.

உள்ளே திருவிழாக் கோலம். எந்தெந்த ஊர்க் கல்லூரிகளிலிருந்தோ பிள்ளைகள் வந்திருந்தனர். மரத்தடியில் பெயர்ப் பதிவு, வராந்தாவில் தேநீர், ஒரு மூலையில் கவிதையை மனப்பாடம் செய்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்த ஓர் இளைஞன். பர்தா அணிந்த பிள்ளைகள் சிலரும் அங்கே கலகலவென்று பேசிக்கொண்டிருந்ததை மைத்துனர் கவனித்ததை நாம் கவனித்தோம்.

செனட் மண்டபத்தை வெளியிலிருந்து பார்த்தோம். ராபர்ட் சிஸம் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் 1874 முதல் 1879 வரை கட்டியது. கோபுரங்களும் வளைவுகளும் நம் பள்ளிவாசல்களையும் மாளிகைகளையும் நினைவூட்டுகின்றன. ஆனால் பல்கலைக்கழகம் மண்டபத்தைவிட மூத்தது. 1839 நவம்பர் 11ஆம் நாளிட்டுச் சென்னை மக்கள் உயர்கல்வி வேண்டி அரசுக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தனர். அந்த வேண்டுதலிலிருந்து தொடங்கிய முயற்சிதான் 1857 செப்டம்பர் 5இல் பல்கலைக்கழகமாகக் கனிந்தது. “மனுக் கொடுத்துக் கேட்டு வாங்கினதா இது?” என்றார் மைத்துனர். அன்று அவர் கேட்ட முதல் கேள்வி அது.

பேச்சுப் போட்டி ஒரு நீண்ட வகுப்பறையில் நடந்தது. தலைப்பு, ‘எங்கள் ஊர்’. ஆளுக்கு ஐந்து நிமிடம். தஞ்சையின் பெருமையை ஒருவன் முழங்கினான். மதுரையை ஒருத்தி பாடினாள். நம் மருமகள் எழுந்து சாத்தாங்காட்டைப் பேசினாள். லாரிகளின் முதுகில் எழுதிய ஊர்ப்பெயர்களைப் படித்தே எழுத்துக் கூட்டக் கற்ற பிள்ளைகளைப் பேசினாள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகம் வரை பரவியதையும், மீனவர் வலைகள் கறுத்துப் போனதையும் பேசினாள். பின்பு குரல் தாழ்ந்தது.

“திருவொற்றியூர்க் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. யார் எவ்வளவு நிலம் கொடுத்தார், எத்தனை ஆடு கொடுத்தார் என்பது ஆயிரம் ஆண்டு கழித்தும் தெரிகிறது. என் அத்தா இருபத்தாறு ஆண்டுகளாக எடைச் சீட்டு எழுதுகிறார். இந்த நகரத்தின் மாடிகளும் பாலங்களும் அவர் எழுதிய சீட்டு வழியாகத்தான் போயின. அந்தச் சீட்டுகள் எங்கேயும் இல்லை. அவற்றை எழுதியவர்களின் வரலாறும் இல்லை. அதை எழுதத்தான் நான் இங்கே படிக்க விரும்புகிறேன்.”

மணி அடித்து நெடுநேரம் ஆகியிருந்தது. அவள் நிறுத்தவில்லை. மைத்துனர் தலையைக் குனிந்து தம் வலக்கையின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனா பிடித்துத் தழும்பேறிய விரல்கள்.

லுஹருக்கு நேரமாயிற்று. பெண்கள் இருவருக்கும் ஒரு பேராசிரியை துறையிலேயே ஓர் அறையைத் திறந்துவிட்டார். நாமும் மைத்துனரும் திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிக்கு நடந்தோம். வாலாஜா பள்ளிவாசல் என்றும் வழங்கும் அது 1795இல் எழுந்தது. முகப்பிலுள்ள பாரசீகக் கல்லெழுத்தை யாத்தவர் நவாபின் அவையிலிருந்த ராஜா மக்கன்லால் என்னும் இந்துப் புலவர். மரமும் இரும்பும் சேர்க்காமல் கருங்கல்லால் கட்டப்பட்டது என்பார்கள். இதைச் சொன்னதும் இரும்பிலேயே வாழும் மைத்துனர் அண்ணாந்து பார்த்தார். “இரும்பு இல்லாமலா?” என்று தூணைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தொழுகைக்கு நின்றார். அன்று அவருடைய துஆ வழக்கத்தினும் நீண்டது.

திரும்பி வந்தபோது மருமகள் நூலகத்துக்கு அழைத்துச் சென்றாள். ஒரு பெயரை நமக்குக் காட்டவே அழைத்தாள்: முஹம்மது ஹுசைன் நயினார். தமிழ் முஸ்லிமாகிய இவர் இதே பல்கலைக்கழகத்தில் அரபு, பாரசீகம், உருதுத் துறைக்குத் தலைமை ஏற்றவர். வாலாஜா நவாபின் வரலாறு கூறும் ‘துசக்-இ-வாலாஜாஹி’ என்ற பாரசீக நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அதன் முதற்பகுதியைப் பல்கலைக்கழகம் 1934இல் வெளியிட்டது. பண்டை அரபுப் புவியியலறிஞர்கள் தென்னிந்தியாவைப் பற்றி அறிந்திருந்தவற்றைத் திரட்டி அவர் எழுதிய நூல் 1942இல் வந்தது. நவாபின் தோட்டத்தில் எழுந்த கல்விக்கூடத்தில் அமர்ந்து நவாபின் வரலாற்றை ஒரு தமிழ் முஸ்லிம் உலகுக்குக் கொடுத்திருக்கிறார்! “நம்ம மாதிரி ஆளுங்க” என்று மைத்துனர் கேட்ட கேள்விக்கு விடை எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக நூலக அடுக்கில் காத்திருந்தது. நாம்தாம் வந்து கேட்கவில்லை.

தங்கையைக் காணவில்லை. தேடிச் சென்றபோது, காலையில் போட்டி நடந்த வகுப்பறையில் மூன்றாம் வரிசைப் பெஞ்சில் தனியே அமர்ந்திருந்தாள். கரும்பலகையில் எவரோ எழுதிய தலைப்பு அழியாமல் இருந்தது. நம்மைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை.

“அண்ணே, இது இவ்வளவு கிட்டயா இருந்துச்சு?” என்றாள்.

நாம் அவள் பக்கத்தில் அமர்ந்தோம். மன்னிப்புக் கேட்க முப்பது ஆண்டுகளாகத் தேடிய சொற்கள் அப்போதும் வாய்க்கு வரவில்லை. “தப்புப் பண்ணிட்டேம்மா” என்ற ஒன்றுதான் வந்தது. அவள் முந்தானையால் பெஞ்சின் தூசியைத் துடைத்தாள். “அவளை விட்டுடாதீங்க” என்றாள். அவ்வளவே.

மாலையில் பரிசளிப்பு. முதற்பரிசு மதுரைக்கு, இரண்டாவதும் மூன்றாவதும் வேறு இரு பிள்ளைகளுக்கு. நம் மருமகளின் பெயர் வரவில்லை. அவள் சிரித்துக்கொண்டே கைதட்டினாள். கைதட்டாதவர் ஒருவரே. முகம் சிவந்த மைத்துனர் நம் காதருகே குனிந்து, “தராசு தப்பு மச்சான்!” என்றார்.

மகளை மேலே படிக்கவைக்க மறுத்த மனிதரா இப்படிக் கொதிக்கிறார் என்று நமக்கு வியப்பு. அதோடு விடவில்லை. நேரே நடுவரிடம் போய் நின்றுவிட்டார். காலையில் அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு வாயிலில் தயங்கிய அதே மனிதர்! நடுவர் பொறுமையாகக் கேட்டார். “பேச்சு மிக நன்று ஐயா. ஆனால் உங்கள் மகள் ஏழு நிமிடம் பேசினார். கூடுதல் நேரத்துக்கு மதிப்பெண் குறைப்பது விதி” என்றார். மைத்துனர் சற்று யோசித்தார். முகம் தெளிந்தது. “நியாயம்தான். அதிக பாரம் ஏத்தினா அபராதம் போடத்தான் செய்வாங்க” என்று சிரித்தார். நடுவரும் சிரித்தார். விண்ணப்பம் எப்போது, கட்டணம் எவ்வளவு, எந்த வாயில் வழியாக வரவேண்டும் என்று அவர் அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டே போனதை மருமகள் எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வண்டியில் மைத்துனர் ஒரு பழைய எடைச் சீட்டின் பின்புறத்தில் கணக்குப் போட்டார். மெட்ரோக் கட்டணம், ஷேர் ஆட்டோ, மதியச் சாப்பாடு. கூட்டிப் பார்த்து, அடிக்கோடிட்டு, வழக்கம்போல் கீழே கையெழுத்திட்டு மகளிடம் நீட்டினார். அவள் அதை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

நம் சமுதாயத்தில் வழிவகுத்தோர் இல்லாமல் இல்லை. 1951இல் சென்னையில் புதுக்கல்லூரி, அதே ஆண்டில் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரி, 1955இல் நீதிபதி பஷீர் அஹமது சயீது முயற்சியால் பெண்களுக்கென்றே ஒரு கல்லூரி என முன்னோர் கதவுகளைத் திறந்தே வைத்தனர். அண்ணா சாலையில் 1974 முதல் காயிதே மில்லத் பெயராலேயே அரசு மகளிர் கல்லூரி நடக்கிறது. இத்தனை கதவுகள் திறந்திருந்தும், வீட்டு வாசலில் நின்று “போதும்” என்று சொல்லும் அண்ணன்மாரும் அத்தாமாரும் இன்னும் இருக்கிறோம். அவர்களுள் ஒருவராக இருந்தவர் என்ற உரிமையில் ஒன்று வேண்டுகிறோம். பிள்ளை கேட்கும் இடத்துக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதைப் பிறகு முடிவு செய்யுங்கள். அதற்கு முன் ஒரு பகல் பிள்ளையோடு அங்கே போய் வாருங்கள். பிள்ளையின் தாயையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.