நூறு கோழிகளுக்கு மருந்து

மந்தைவெளியில் குடியிருக்கிற ஒருவன் கோழி வளர்க்கக் கூடாது என்பது எந்த ஊர் நியாயமோ எனக்கு விளங்கவில்லை. பேட்டையின் பெயரிலேயே மந்தை இருக்கிறது. சிறிது தூரம் நடந்தால் கபாலீசுவரர் கோயில்; அங்கே அம்பாள் மயிலாக வந்து பூஜை செய்தாள் என்கிறார்கள். உள்ளே சிங்காரவேலருக்குக் கொடியே சேவல்தான். ஆனாலும் என் வீட்டுச் சேவல் விடியற்காலை நாலரை மணிக்கு முதல் குரல் கொடுத்த அன்று, பக்கத்து வீட்டுப் பென்ஷன்காரர் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "ஏன் சார், இது பட்டணமா, பட்டிக்காடா?" என்று கேட்டார். சமாதானத்துக்காக நாலு முட்டை கொடுத்தனுப்பினேன். அவர் சுத்த சைவம் என்று பிறகுதான் ஞாபகம் வந்தது. என் மனைவி நாலு முருங்கைக்காயை அனுப்பி நிலைமையைக் காப்பாற்றினாள்.

கொல்லையில் கிணற்றடிக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவே கூடு. ஆறடிக்கு நாலடி. ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி வேண்டும் என்பது கணக்கு. ஆகையால் பதினோரு உருப்படி, பத்துப் பெட்டையும் ஒரு சேவலும், தாராளமாக இருந்தன. நீளவாட்டைக் கிழக்கு மேற்காக வைத்தால் நம் ஊர் வெயில் உள்ளே இறங்காது. தரையில் நாலு விரற்கடை உமி. கம்பி வலை விஷயத்தில்தான் ஏமாந்தேன். சாதாரணக் கோழி வலை கோழியை உள்ளே வைக்குமே தவிர, பெருச்சாளியை வெளியே வைக்காது. அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த வலையை ஓர் அடி ஆழம் மண்ணுக்குள் இறக்கிய பிறகே எனக்குத் தூக்கம் வந்தது. தீனிக்குத் தவிடும் குருணையும் கம்பும். முட்டை ஓடு கெட்டிப்பட, சாந்தோம் கடற்கரையில் பொறுக்கிவந்த கிளிஞ்சலைப் பொடித்துப் போடுவேன். நாவலில் ஓர் அத்தியாயம் நகராத நாட்களில் கிளிஞ்சல் நிறைய சேரும்.

வாங்கியது நந்தனம் கோழி. நந்தனம் என்பது நந்தன வருஷமான 1952-ஐ ஒட்டி ராஜாஜி வைத்த பெயர் என்பார்கள். அந்தப் பேட்டையில் இருந்த கோழி ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய இனத்துக்கும் ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. மனிதர்கள் வீட்டு மனைக்காக அடித்துக்கொள்ளும் இடத்தின் பெயரை ஒரு கோழி சுமந்துகொண்டு தமிழ்நாட்டுக் கிராமங்களெல்லாம் சுற்றுவதில் எனக்கு ஒரு திருப்தி.

வாங்கும்போதே சொல்லித்தான் அனுப்பினார்கள்: "குஞ்சில் கண்ணில் சொட்டு விட்டாயிற்று. எட்டு வாரத்துக்குமேல் இறக்கையில் ஊசி போட்டுவிடுங்கள். வெள்ளைக்கழிச்சலுக்கு வேறு வழி கிடையாது." விசாரித்தேன். மருந்துக் குப்பி ஒன்று நூறு கோழிகளுக்கானது. கரைத்துவிட்டால் பனிக்கட்டியில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். என்னிடம் இருப்பதோ பதினொன்று. எண்பத்தொன்பது கோழிக்கான மருந்தைச் சாக்கடையில் ஊற்றுவதா என்று என் சிக்கன புத்தி கேட்டது. பிப்ரவரி மாதத்தில் அரசாங்கமே இலவசமாகப் போடும் முகாம் ஒன்று உண்டு. அந்த இரண்டு வாரமும் நான் ஒரு கல்யாணம், ஓர் இலக்கியக் கூட்டம் என்று ஊர் சுற்றிக்கொண்டிருந்தேன்.

சித்திரையில் வந்தது. முதலில் சேவல் கூவவில்லை. இறக்கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. வெயில் என்று நினைத்தேன். மறுநாள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல். மூன்றாம் நாள் இரண்டு பெட்டைகளுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது. கூடையில் ஒன்றை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். அவர் கோழியைப் பார்ப்பதற்கு முன் என்னைப் பார்த்து, "ஊசி போட்டீர்களா?" என்றார். அதற்குமேல் அவர் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஐந்து நாளில் ஒன்பது போயின. உமியை எரித்து, கூட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். மிஞ்சிய இரண்டில் ஒன்றுக்குக் கழுத்து இன்றைக்கும் கோணல்தான்; வானத்தைப் பார்த்துக்கொண்டே தரையைக் கொத்தும்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

தெருக்கோடியில் பூவரச மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அம்மாள், துணி வாங்க எங்கள் கொல்லை வழியாகத்தான் வருவாள். மீந்த தவிட்டை அள்ளிக்கொண்டு போவாள். பட்டினப்பாக்கத்தில் அவள் வீட்டில் ஆறு கோழி. இரண்டு அடைகாத்துக்கொண்டிருந்தன. காலில் ஒட்டிய மண் போதும், இந்த நோய் வீடு மாற. பத்து நாள் கழித்து, துணியைக் கொடுக்கும்போது சொன்னாள்: "எல்லாம் பூட்ச்சி சார். பொண்ணு டியூசனுக்கு அதுலதான் பூந்துனு இருந்துச்சி. இன்னா பண்றது, கோழின்னா சாவத்தான் செய்யும்."

நான் ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. துணிக்குக் கொஞ்சம் அதிகமாகப் பணம் கொடுத்துப் பார்த்தேன். மீதியை எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பிறகு ஒரு நாள் வண்டியடிக்கே போய்ச் சொல்லிவிட்டேன்: சீக்கு எங்கள் வீட்டிலிருந்து வந்தது, ஊசி போட்டிருந்தால் வந்திருக்காது.

இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"ஊசி இருக்குதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"தெரியும். நூறு கோழிக்கான மருந்து. என்னிடம் பதினொன்றுதானே இருந்தது..."

"எங்க சந்துல மட்டும் அறுவது எழுவது கோழி கீதே சார். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

நாவலாசிரியன் என்று பெயர். நாலு தெரு தள்ளி என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. எண்பத்தொன்பது என்று கணக்குப் போட்டேனே, அந்த எண்பத்தொன்பதும் கடற்கரை ஓரத்தில் மேய்ந்துகொண்டிருந்தன.

நோய்க்கு ராணிக்கேத் என்று பெயர். குமாவுன் மலையில் அந்த ஊரில் 1927-ல் கண்டதால் வந்த பெயர். முந்திய வருஷமே இங்கிலாந்தில் நியூகாஸிலில் கண்டவர்கள் அந்தப் பெயரைச் சொல்லுகிறார்கள். தடுப்பு மருந்து தயாரிக்கும் நம் அரசாங்க நிலையம் இருப்பது ராணிப்பேட்டையில். ஓர் எழுத்து இரண்டெழுத்து வித்தியாசத்தில் நோயும் மருந்தும். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் ஒருவர் இதைச் சொல்லிச் சிரித்தபடியேதான், ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் என்னோடு பட்டினப்பாக்கம் வந்தார். பனிக்கட்டி நிரப்பிய பிளாஸ்க் என் கையில். இஸ்திரிக்கார அம்மாள் முந்தின இரவே வீடு வீடாகச் சொல்லி வைத்திருந்தாள். விடிந்தும் யாரும் கோழியைத் திறந்துவிடவில்லை. பஞ்சாரம் பஞ்சாரமாக, கூடை கூடையாக, ஒரு வீட்டில் அண்டாவைக் கவிழ்த்துக்கூட வைத்திருந்தார்கள். அவள் இரண்டு இறக்கையையும் சேர்த்துப் பிடிக்க, அவர் குத்த, அவள் மகள் நோட்டில் கோடு போட்டாள். எழுபத்தெட்டில் கோழிகள் தீர்ந்தன. மருந்து தீரவில்லை. மணி எட்டரை, இன்னும் முக்கால் மணி இருக்கிறது என்றார் ஆய்வாளர்.

"அடுத்த சந்துல நம்ம தம்பி வூட்ல சண்டச் சேவ ரெண்டு கீது. அவன்கூட நமக்குப் பேச்சு வார்த்த இல்ல" என்றாள். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு, "நீங்க வந்து கூப்டுங்க சார், நான் பின்னாடி நிக்கறேன்" என்றாள். பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.