64 என்றால் எந்த ஊர்?

ஜனவரி 6, செவ்வாய்

மாதாந்திரப் பராமரிப்பு. காலையிலேயே கரண்ட் போய்விட்டது. ரிஸ்க்-ஃபைவ் போர்டு பவர் பேங்கில் ஓடிக்கொண்டிருக்க, லீவுக்கு வந்த அண்ணன் மகன் பக்கத்தில் வந்து நின்றான்.

"சித்தப்பா, லேப்டாப்புல 'வணக்கம்' வருது. இதுல ஒண்ணுமே வரல. போர்டு போயிடுச்சா?"

சி மொழியில் நாலே வரி. 'ரைட்' என்று பெயர் சொல்லிக் கூப்பிடாமல், கெர்னலிடம் வேலை கேட்கும் சிஸ்டம் கால் எண்ணை 1 என்று கையாலேயே எழுதியிருந்தான். வேகமாம். சிஸ்டம் கால்களைக் காட்டும் ஸ்ட்ரேஸ் போட்டுக் காட்டினேன்: 'ஐஓ டெஸ்ட்ராய்', விடை மைனஸ் 1, 'ஈஇன்வால்'. பையன் கேட்டது எழுத. கெர்னல் காதில் விழுந்தது அழிக்க. அழிக்க அங்கே ஒன்றுமில்லை, அதனால் பிழையோடு போயிற்று.

"கம்பைல் இந்த போர்டுலதானே பண்ணேன்?"

1 என்று எழுதினால் கம்பைலருக்கு அது வெறும் 1தான் தம்பி.

ஜனவரி 7, இரவு

'ரைட்'டின் எண் இன்டெல் 32 பிட்டில் 4, 64 பிட்டில் (பையனின் லேப்டாப்) 1, ஆர்ம் 64 பிட்டிலும் ரிஸ்க்-ஃபைவிலும் 64. அதே 64 இன்டெல் 64 பிட்டில் 'செம்கெட்', 32 பிட்டில் 'கெட்பிபிஐடி'. சர்வே எண்ணை மட்டும் சொன்னால் பத்திர ஆபீசில் "எந்தக் கிராமம்?" என்பார்களே, அந்தக் கதைதான்.

இந்தக் குளறுபடிக்குக் காரணம் சோம்பல் இல்லை. ஆல்ஃபா சிப்புக்கு லினக்ஸ் வந்தபோது, அதில் முன்பே ஓடிய ஓஎஸ்எஃப்/1 யூனிக்ஸின் எண்களை ஒட்டியே பட்டியல் போட்டார்கள். மிப்ஸ் சிப்பில் மூன்று ஏபிஐ, அதாவது நிரல் கெர்னலோடு பேசும் மூன்று முறைகள். 4000, 5000, 6000 என்று தனித்தனித் தொடக்கம். ஒருமுறை கொடுத்த எண்ணை மாற்றினால் பழைய நிரல்கள் படுத்துவிடும்.

பிறகு வந்த சிப்புகளுக்காகக் கெர்னலில் ஒரு பொதுப் பட்டியல் உண்டானது. அதில் 'ஓப்பன்' கிடையாது, 56-ஆம் எண்ணில் 'ஓப்பன்அட்' மட்டும். 'ஃபோர்க்' கிடையாது, 220-இல் 'குளோன்'. நாம் 'ஓப்பன்' என்றே எழுதலாம். சி லைப்ரரி உள்ளே மாற்றிக் கூப்பிட்டுக்கொள்ளும். சென்னை ஐஐடியில் உருவான சக்தி சிப்பும் ரிஸ்க்-ஃபைவ்தான். சிப் நம்முடையது, லினக்ஸ் ஏற்றினால் எண்கள் அந்தப் பொதுப் பட்டியலுடையவை.

ஜனவரி 9, வெள்ளி

கிளிப்சி என்ற சி லைப்ரரியின் பழைய வழக்கம் எனக்குப் பிடித்ததில்லை. லைப்ரரியைக் கட்டும் கணினியில் எந்தக் கெர்னலின் ஹெடர் இருக்கிறதோ, அதிலிருக்கும் எண்களே அதற்குத் தெரியும். ஹெடர் பழையது என்றால் புதிய சிஸ்டம் கால் இல்லை என்றே கணக்கு. நிரல் முழுக்க 'இந்த எண் உண்டா, இல்லையா' என்ற சோதனை வரிகள். 2020-இல் இதற்கு முடிவு கட்டினார்கள். ஒவ்வொரு ஆர்க்கிடெக்சருக்கும் எண் பட்டியல் இப்போது கிளிப்சியின் மூலநிரலிலேயே இருக்கிறது; புதுக் கெர்னல் வந்தால் ஸ்கிரிப்ட் ஓட்டிப் புதுப்பிக்கிறார்கள். மஸ்ல் லைப்ரரியிலும் ஆர்க்கிடெக்சருக்கு ஒரு கோப்பு உண்டு. கோப்பு கூடினாலும் எங்கே கட்டினாலும் ஒரே விடை வரும். இதுதான் சரி.

பையன் கேட்டான்: "எல்லாத்துக்கும் ஒரே நம்பர் குடுத்தா என்ன?"

கொடுத்துவிட்டார்கள். 2019-இல் வந்த லினக்ஸ் 5.1 முதல் புதிய சிஸ்டம் கால்களுக்குக் கிட்டத்தட்ட எங்கும் ஒரே எண்தான். 'ஐஓ யூரிங் செட்டப்' இன்டெல்லிலும் ஆர்மிலும் ரிஸ்க்-ஃபைவிலும் 425. மிப்ஸில் தொடக்க எண்ணைக் கூட்டிக்கொள்ள வேண்டும்: 4425, 5425, 6425. ஆல்ஃபாவில் 535.