விட்ட இடத்தில் எதை வைக்கிறோம்?

தவக்காலம் நெருங்கினால் கோயில் வாசலில் நாம் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி எது? "இந்த வருடம் எதை விடப் போகிறீர்கள்?" என்பதுதானே! ஒருவர் இறைச்சி என்பார், ஒருவர் கோப்பி என்பார், இன்னொருவர் மது என்பார். நல்லதுதான். ஆனால் விட்ட இடத்தில் எதை வைக்கப் போகிறோம் என்று யாரும் கேட்பதில்லையே!

திருநீற்றுப் புதன் முதல் புனித சனி வரை 46 நாள்கள். ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள் என்பதால் 6 ஞாயிறுகளைக் கழித்து 40 என்று கணக்கிடுகிறோம். இயேசு பாலைவனத்தில் நோன்பிருந்ததும் 40 நாள்கள் அல்லவா! விரதம் நம் நாட்டில் யாருக்கும் புதிதல்ல. 2025-இல் தைப்பூசம் பிப்ரவரி 11, ரமலான் நோன்பு தொடங்கியது மார்ச் 2, திருநீற்றுப் புதன் மார்ச் 5. ஒரு மாதத்திற்குள் மூன்று சமயத்தாரும் விரதம் காத்தோம். ஆகவே, விடுவது நமக்குத் தெரியும். அதற்கு அடுத்த படிதான் கடினம்.

எங்கள் தோட்டத்தில் செம்பனைப் பழம் வெட்டும் ஒருவர், தவக்காலம் முழுவதும் சம்சுவைத் தொடமாட்டார். அந்த நாள்களில் அவர் வீட்டில் சத்தம் கேட்காது. பையன் வீட்டுப்பாடத்தை ஒழுங்காகச் செய்து வருவான். உயிர்ப்பு ஞாயிறன்று பூசை முடிந்ததும் போத்தல் திறக்கும். அவர் மனைவி ஒருமுறை என்னிடம், "டீச்சர், எல்லாரும் ஈஸ்டர் எப்ப வரும்னு காத்திருக்காங்க. நான் மட்டும் அது வரவே வேணாம்னு வேண்டிக்கிறேன்" என்றார். உயிர்ப்பின் நாளைக் கண்டு ஒரு பெண் அஞ்சலாமா? எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

மறுநடவின்போது நீங்கள் பார்த்திருப்பீர்கள். சுமார் 25 வருட மரங்களைச் சாய்த்து நிலத்தைச் சுத்தம் செய்வார்கள். அதை அப்படியே வெறுமையாக விட்டால் மழை மேல்மண்ணை அரித்துவிடும், களை மண்டிவிடும். அதனால்தான் மூடுபயிர்க் கொடிகளை விதைக்கிறார்கள். அவை மண்ணையும் காக்கும், உரமும் சேர்க்கும். கூட்டிப் பெருக்கிய வெறும் வீட்டிற்கு, போன பேய் இன்னும் ஏழு பேய்களோடு திரும்பி வந்ததாக லூக்கா 11-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னதும் இதைத்தான்.

மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் தருமம், செபம், நோன்பு மூன்றையும் அவர் சேர்த்தே போதிக்கிறார். நோன்பு இடத்தைக் காலி செய்கிறது. செபமும் தருமமும் அதை நிரப்புகின்றன. குடிக்காமல் மிச்சமான வெள்ளியை அன்றிரவே பிள்ளைகள் கையால் உண்டியலில் போடச் செய்யுங்கள். அது யாருக்கென்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். போத்தலோடு கழிந்த மாலை நேரத்தைப் பிள்ளையின் பாடப் புத்தகத்திற்கும் குடும்பச் செபத்திற்கும் கொடுங்கள். குடி நோயாகிவிட்டவர்களுக்கு விரதம் மட்டும் போதாது, மருத்துவரையும் பார்க்க வேண்டும். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

வாசகர்களே, ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் விடுவதை எழுதுங்கள், வலப்பக்கம் அதன் இடத்தில் வைப்பதை எழுதுங்கள். இடப்பக்கம் 40 நாளோடு முடிந்தாலும் முடியட்டும். வலப்பக்கம் உயிர்ப்பு ஞாயிறைத் தாண்டியும் தொடரட்டும். அப்போது அந்த ஞாயிறு ஒவ்வொரு வீட்டுக்கும் மகிழ்ச்சியோடு வரும்.