அக்காவிடம் சிட்டா இல்லை

இடைத்தரகர் வேண்டாமென்று நெய்வேலி டவுன்ஷிப்பில் நாங்கள் சில குடும்பங்கள் ஞாயிறுதோறும் பக்கத்துச் சேரி அக்காவிடமே கத்தரி, வெண்டை வாங்குகிறோம்.

“உழவர் சந்தையில கடை போடலாமே அக்கா?”

“அட்டைக்குச் சிட்டா, அடங்கல் கேக்குறாங்க தம்பி. நெலம் யார் பேர்ல கெடக்கு?”

அவருடையது வாய்வார்த்தைக் குத்தகை. வியாபாரிகள் விவசாயி வேடத்தில் நுழையக் கூடாதென்றுதான் அந்த அட்டை. நல்ல ஏற்பாடுதான், மண்ணில் கைவைப்பவரையும் சேர்த்து வெளியே நிறுத்திவிட்டது.

இங்கே எதற்கும் நிலம்தான் கணக்கு. 2023 ஜூலையில் வளையமாதேவி நெல்வயலில் என்எல்சி கால்வாய்க்காக எந்திரங்கள் இறங்கின. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் என்றது உயர் நீதிமன்றம். ஏக்கரே இல்லாமல் நாற்று நட்டவர்களுக்கு?

குத்தகைதாரர் பெயரைப் பதிய 1969லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது, தோழர்களே. அதன்படி அக்காவுக்கு மனு எழுதினோம். அவர் கைநாட்டு வைக்கவில்லை.

“நெலக்காரருக்குத் தெரிஞ்சா குத்தகையே போயிடும். விடுங்க தம்பி.”

மனு எங்கள் பையிலேயே இருக்கிறது.