ஏழு நாள் கழித்து

ஆரணியில் ஐப்பசி மழை வலுத்தால் குழித்தறிகள் நின்றுவிடும். குழிக்குள் நீர் ஊறும். ஈரத்தில் பட்டிழை இசையாது. அத்தகைய ஒரு நாளில், நின்றுபோன தறியருகே அமர்ந்திருந்த நெசவாளர் ஒருவர் நம்மைக் கேட்டார்: "மூணு வாரமா கூலி இல்ல சாமி. இது ஆண்டவர் குடுக்குற தண்டனையா?"

நாம் உடனே விடை கூறவில்லை. முன்னொரு முறை விரைந்து பேசியதன் வடு இன்னும் இருக்கிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா அருகே கடலடி நிலம் பிளந்து எழுந்த அலை, வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற திருப்பயணிகளை வாரிச் சென்றது. பேராலயம் தப்பியது. 2005 ஜனவரி 2 அன்று, இளங்குருவாய் அப்போது பணியாற்றிய பங்கில், மறையுரையில் அதனைப் புதுமை என்றோம். பூசை முடிந்ததும் ஒரு தாய் வாசலில் நின்றார். மகளோடு நேர்ச்சை செலுத்தச் சென்று தனியே திரும்பியவர். "கோயில் தப்பினது புதுமைன்னா, என் பொண்ணு என்ன பாவம் செஞ்சா சாமி?" அவர் பீடத்தின் எதிரே அமர்ந்திருந்ததை நாம் அறியோம், அறிந்து பேசாதிருந்தால் மட்டும் அச்சொல் சரியாகிவிடுமா? அதன்பின் அவரை அந்த ஆலயத்தில் கண்டதாக நினைவில்லை.

பெரியோரும் இவ்விடத்தில் இடறியதுண்டு. 1934 ஜனவரி 15 அன்று பீகாரை நிலநடுக்கம் குலுக்கி, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் பேசிய காந்தியடிகள், அது தீண்டாமைப் பாவத்துக்கு இறைவன் அளித்த தண்டனை என்றார். தீண்டாமையை அவரைப்போலவே வெறுத்த தாகூர், இயற்கையின் சீற்றத்துக்கு இயற்கையிலேயே காரணம் உண்டென்று மறுத்தெழுதினார். அம்மறுப்பைக் காந்தியடிகள் தம் 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டார். கருத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. நோக்கம் உயர்ந்ததே. ஆயினும் இடிபாடுகளுக்குள் தீண்டாமையால் வதைபட்டோரும் கிடந்திருப்பார்களே! (அக்கணக்கு மெய்யானால், சாதிக்கொரு சுவர் எழுப்பிய நம் கல்லறைத் தோட்டங்கள் சில என்றோ பிளந்திருக்க வேண்டும்.)

நோவா காலத்து வெள்ளமும் சோதோமின் நெருப்பும் மறைநூலில் உள்ளன, மறைப்பதற்கில்லை. இறைவாக்கினருக்கு அவற்றின் பொருள் உரைக்கப்பட்டது, நமக்கு உரைக்கப்படவில்லை. லூக்கா 13ஆம் அதிகாரத்தில், சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர் பிறரைவிடக் குற்றவாளிகளோ என்று ஆண்டவரே வினவி, இல்லை என்கிறார். மனம் மாறுமாறு அவர் எச்சரிப்பது உயிரோடு கேட்டு நின்றவர்களை. ஆலயம் தப்பியதற்கு நன்றி கூறலாம்; அதனைத் தகுதிக்குரிய பரிசாகக் கணக்கெழுதினால், ஏட்டின் மறுபுறத்தில் ஒரு சிறுமியின் பெயர் விழுகிறது.

யோபின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறவாமல் அவரருகே தரையில் அமர்ந்திருந்தனர். பேசத் தொடங்கிய பின்னரே பிழைத்தனர். நாமும் ஏழு நாள் கழித்தே பேசினோம். ஆனால் எவரருகிலும் அமர்ந்திருக்கவில்லை.

"தண்டனை இல்லை, ஐயா" என்றோம் நெசவாளரிடம். அவர் மேலும் கேட்கவில்லை. குழியில் ஊறிய நீரைச் செம்பால் மொண்டு வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தார். வாளி நிறைந்ததும் நாம் அதனை எடுத்துச் சென்று தெருவில் கொட்டிவிட்டு வந்தோம்.