ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவே

மிச்சிகன் மாநிலப் பூங்காக்களின் முகாம்களில் ஒரு விதி உண்டு. கிளம்புகிற நாளில் பகல் 1 மணிக்குள் இடத்தைக் காலி செய்துவிட வேண்டும். போய்ச் சேருகிற முகாமில் 3 மணிக்குத்தான் இடம் நம் கைக்கு வரும். நடுவில் உள்ள இரண்டு மணி நேரம் நாம் எந்த முகாமையும் சேர்ந்தவர்கள் அல்ல. பயணத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது அந்த இரண்டு மணி நேரம்தான். இதை என் கணவரிடம்கூட வெகுநாள் நான் சொல்லவில்லை. ஏரிக்கரையில் இடம் பிடிக்க ஆறு மாதம் முன்பே பதிவு செய்துவிட்டு, எனக்குப் பிடித்தது நடுவில் இருக்கும் சாலைதான் என்று எப்படிச் சொல்வது?

பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகு பழைய ஆர்.வி. ஒன்றை வாங்கினோம். 24 அடி நீளம். முன்னால் வேனின் முகம். பின்னால் ஒரு படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, திரும்பினால் முழங்கை இடிக்கும் குளியலறை. நான் சொல்லப் போகிற நாள் ஜூலையில் ஒரு புதன்கிழமை. லடிங்டன் மாநிலப் பூங்காவிலிருந்து இன்டர்லோக்கன் மாநிலப் பூங்காவுக்குப் போக வேண்டும். சுற்றிப் போனாலும் நூறு மைல் வராது. ஒரு நாளில் 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, மூன்று மணிக்குள் போய்ச் சேர், மூன்று இரவாவது தங்கு என்று ஆர்.வி.க்காரர்கள் சொல்வதுண்டு. எங்களுக்கு அந்த 300 மைலே அதிகம்.

கிளம்பும் காலையில் வேலை இரண்டாகப் பிரியும். வெளிவேலை அவருக்கு. மின்கம்பத்தில் முதலில் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் கேபிளைப் பிடுங்க வேண்டும். தண்ணீர்க் குழாயை வடித்துச் சுருட்ட வேண்டும், வெயில் மறைப்பைச் சுருட்டிப் பூட்ட வேண்டும், சக்கரக் கட்டைகளை எடுக்க வேண்டும், கேஸை மூட வேண்டும். உள்வேலை எனக்கு. தட்டுகளுக்கு நடுவே துண்டு வைப்பேன். அலமாரிக் கதவுகளின் கொக்கியை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பேன். கூரை ஜன்னலைச் சாத்துவேன். அஞ்சறைப்பெட்டியைத் தரையில் வைத்து இரண்டு தலையணைகளுக்கு நடுவே செருகுவேன். எல்லாம் முடிந்ததும் இருவரும் வண்டியைத் தனித்தனியாக, எதிரெதிர் திசையில் ஒரு சுற்று வருவோம். அவர் கண்ணுக்குத் தப்பியது என் கண்ணில் படும். அவசரப்பட்டால் இதில் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். ஆகவே கிளம்பும் நாளில் எட்டு மணிக்கே தொடங்கி, நடுவில் இன்னொரு காபி குடித்து, பதினொன்றரைக்கு முடிப்பது எங்கள் வழக்கம்.

பிறகு கழிவு கொட்டும் நிலையம். ஆர்.வி.யின் அடியில் இரண்டு கழிவுத் தொட்டிகள் இருக்கும். கழிவறைத் தொட்டியை முதலில் திறக்க வேண்டும். பாத்திரம் கழுவிய நீரும் குளித்த நீரும் இருக்கும் தொட்டியைப் பிறகு. அந்தச் சோப்பு நீரே குழாயைக் கழுவிவிடும். கையுறை போட்டுக்கொண்டு அந்தக் குழாயைப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும், நம் ஊரில் இந்த வேலையை நாம் யார் தலையில் கட்டினோம் என்று நினைக்காமல் இருக்க முடிந்ததில்லை. 2013-ல் சட்டம் போட்டுத் தடுத்த பிறகும் அங்கே மனிதர்கள் குழிக்குள் இறங்கிச் சாகிறார்கள். இங்கே வரிசையில் நிற்கும் யாராக இருந்தாலும், என்ன உத்தியோகம் பார்த்தாலும், தன் கழிவைத் தானே கொட்டி, தரையைத் தானே கழுவிவிட்டுப் போகிறார். வேறெதற்கு இல்லாவிட்டாலும் இதற்காகவே என் பிள்ளைகளை ஒருமுறை இந்த வண்டியில் கூட்டிப்போக வேண்டும் என்று நினைத்தேன், கூட்டியும் போனேன்.

அன்று எங்களுக்குப் பின்னால் நின்ற வண்டியில் ஒரு வயதான பெண்மணி, தனியாக. வீட்டை விற்றுவிட்டு முழுநேரமும் வண்டியிலேயே இருப்பவர். "உங்களுக்குக் கடிதம் எல்லாம் எங்கே வரும்?" என்று கேட்டேன். எனக்கு முதலில் தோன்றியது அந்தக் கேள்விதான். டெக்சாஸில் லிவிங்ஸ்டன் என்ற ஊர் என்றார். அங்கே ஆர்.வி.க்காரர்களின் சங்கம் ஒன்று, இவரைப் போன்றவர்களுக்குத் தபால் முகவரி தருகிறது. ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பதிவு எல்லாம் அந்த முகவரியில்தான். வருகிற தபாலைச் சேர்த்து, அவர் சொல்லும் முகாமுக்கு அனுப்பிவைப்பார்கள். இப்படி ஆயிரக்கணக்கானவர்கள் அந்தச் சின்ன ஊரின் குடிமக்கள், ஊரில் இல்லாமலே. அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கோ வயிற்றைப் பிசைந்தது.

அதற்குக் காரணம் உண்டு. இந்த நாட்டில் குடியுரிமை இல்லாதவர்கள் வீடு மாறினால் பத்து நாளுக்குள் அரசுக்குப் புது முகவரி தெரிவிக்க வேண்டும். வந்த புதிதில் வாடகை வீடு மாறியபோதெல்லாம், சாமான்களைப் பிரிப்பதற்கு முன் நான் செய்த முதல் வேலை அந்தப் படிவத்தை நிரப்பியதுதான். பிறகு 2009 வந்தது. டெட்ராய்ட்டின் பெரிய கார் நிறுவனங்களில் இரண்டு திவால் மனு கொடுத்த ஆண்டு. அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுத்த ஓர் இடத்தில் என் கணவர் பொறியாளர். பட்டியல் போட்டு ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவருடைய எச்-1பி வேலை விசாவை நம்பித்தான் நாங்கள் இங்கே இருந்தோம். கிரீன் கார்டு வரிசையில் நின்றோம். வேலை போனால் வரிசையும் போய்விடும், தங்கும் உரிமையும் போய்விடும். வேலை இழந்தவர்களுக்கு இப்போது இருக்கும் 60 நாள் அவகாசம் 2017-ல்தான் விதியாக வந்தது. அன்று அப்படி எதுவும் இல்லை. பெரியவள் மூன்றாம் வகுப்பு, சின்னவன் பாலர் பள்ளி. வேலை போகவில்லை. ஆனால் அந்த வசந்தகாலம் முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. முகவரி இல்லாமல் போய்விடும் என்ற பயம் அப்போது உடம்புக்குள் புகுந்தது. குடியுரிமை வாங்கிய பிறகும் அது இறங்கவில்லை. ஆர்.வி. வாங்கிய புதிதில், ஒரு முகாமைக் காலி செய்துவிட்டு அடுத்த முகாமின் வாசலில் ஒரு மணி நேரம் காத்துக் கிடந்தால்தான் எனக்கு நிம்மதி.

என் அம்மாவும் அப்படித்தான். அப்பாவுக்கு மாற்றல் வரும்போதெல்லாம் லாரியில் சாமான் ஏறியதிலிருந்து புது வீட்டில் பால் காய்ச்சும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள்.

லடிங்டன் பூங்காவிலிருந்து ஊருக்கு வரும் எம்-116 சாலையில் வலப்பக்கம் முழுக்க மிச்சிகன் ஏரி. கடல் என்றே சொல்லலாம், உப்பு மட்டும்தான் இல்லை. காற்றடித்தால் மணல் சாலையின் குறுக்கே ஓடும். ஊரைத் தாண்டி யு.எஸ்.-31 பிடித்து வடக்கே போனால் மானிஸ்டீ. வெள்ளைப் பைன் மரங்களை அறுத்துப் பிழைத்த ஊர். 1871 அக்டோபர் 8-ம் தேதி, சிகாகோ எரிந்த அதே இரவில் இந்த ஊரும் எரிந்தது. திரும்பக் கட்டிக்கொண்டு மறுபடி மரம் அறுத்தது. ஆள் உயரத்தைத் தாண்டிய இரட்டைச் சக்கரங்களில் மரத்தைத் தொங்கவிட்டு, பனி இல்லாத காலத்திலும் காட்டிலிருந்து இழுத்துவர வழி செய்தவர் சைலஸ் ஓவர்பேக் என்ற இந்த ஊர் வண்டிப் பட்டறைக்காரர்தான். சில பத்தாண்டுகளில் காடு தீர்ந்துபோனது.

மானிஸ்டீயைத் தாண்டியதும் எம்-22 பிரிகிறது. யு.எஸ்.-31-லேயே போயிருந்தால் சீக்கிரம் போயிருக்கலாம். நாங்கள் எம்-22-ல் திரும்பினோம். பின்னால் கார் வந்தால் ஒதுங்கி வழிவிட்டு, நாற்பது, நாற்பத்தைந்து மைல் வேகத்தில் ஊர்ந்தோம். புளிப்புச் செர்ரி அறுவடைக் காலம். ஓர் இயந்திரம் மரத்தின் அடியைக் கவ்வி உலுக்க, சில நொடிகளில் மரம் முழுக்கக் காலியாகிறது. சாலையோரம் ஆளில்லாத மேசை ஒன்றில் செர்ரிக் கூடைகள்; பக்கத்தில் பணம் போட ஒரு தகரப் பெட்டி. ஒரு கூடை எடுத்துக்கொண்டோம்.

ஆர்கேடியா ஊரைத் தாண்டி சாலை ஒரு குன்றின்மேல் ஏறுகிறது. உச்சியில் வண்டி நிறுத்த இடம் உண்டு. மரப்படிகளில் ஏறினால் கீழே ஏரி, கண்ணுக்கு எட்டியவரை. மணி ஒன்றே கால். லடிங்டன் இடம் எங்களுடையது அல்ல. இன்டர்லோக்கன் இடம் இன்னும் எங்களுடையது ஆகவில்லை. வண்டிக்குள் உட்கார்ந்து காலையில் கட்டிய புளிசாதத்தையும் அப்பளத்தையும் சாப்பிட்டோம். ஜன்னல் வழியாக இருவரும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கழிவு நிலையத்தில் பார்த்த பெண்மணியைப் பற்றித்தான் பேச்சு. எனக்கு வயிற்றைப் பிசைந்ததைச் சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அந்த ஏப்ரல்ல நாலு பேருக்கும் திருச்சிக்கு டிக்கெட் என்ன விலைன்னு தினமும் பார்ப்பேன். உன்கிட்ட சொல்லல" என்றார்.

"ஏங்க, நான் துணியெல்லாம் பெட்டியில அடுக்கியே வச்சிருந்தேன். மாடி அலமாரியில. உங்ககிட்ட சொல்லல."

"எது, அந்தப் பச்சைப் பெட்டியா? குளிர்காலத் துணின்னு நினைச்சேன்."

இத்தனை வருடம் ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் இருந்தோம். இந்தப் பேச்சு வரவில்லை. வீட்டில் பேசினால் பேச்சு கரண்ட் பில்லுக்கும் காய்கறிக்கும் போய்விடுகிறது. முகாமில் பக்கத்து இடத்துக்காரர் வந்து நாய்க்குட்டியைக் காட்டுகிறார், விறகு கேட்கிறார். பேச்சுக்கு நேரம் மட்டும் இருந்தால் போதாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு, எழுந்து போய்ச் செய்யவேண்டிய வேலை எதுவும் இல்லாமல் உட்கார வேண்டும். வாழ்நாள் முழுக்க நான் பயந்த அந்த முகவரி இல்லாத நேரம்தான் அதைக் கொடுத்தது. படி ஏறி இறங்கி, செர்ரி தின்று, அந்த இடத்தைவிட்டுக் கிளம்பும்போது மூன்று தாண்டியிருந்தது. மூன்று மணிக்குப் போய்ச் சேரவில்லையே என்று எனக்குத் தோன்றவே இல்லை. இடம் எங்கும் ஓடிவிடாது என்பது அன்றுதான் என் உடம்புக்குத் தெரிந்தது.

ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து பென்ஸோனியா போகும் வழியில் பெட்ஸி ஆற்றங்கரையில் குவென் ஃபிராஸ்டிக்கின் அச்சகம் இருக்கிறது. 1906-ல் பிறந்து 2001-ல் மறைந்த ஓவியர். குழந்தையாக இருந்தபோது வந்த நோயால் அவருடைய கையும் நடையும் பேச்சும் பாதிக்கப்பட்டன. அந்தக் கையால் லினோலியம் கட்டைகளில் பறவையும் இலையும் நாணலும் செதுக்கினார். கல்லும் மரமுமாக எழுப்பிய கட்டடத்தில் பழைய ஹைடல்பர்க் அச்சு இயந்திரங்களில் அவற்றை அடித்து, அதிலேயே பிழைத்தார். அந்த அச்சகத்தைப் பார்க்க வேண்டும் என்று எத்தனையோ முறை சொல்லியும் நேரம் இல்லை என்று தாண்டிப் போயிருக்கிறோம். அன்று நிறுத்தினோம். நாரை ஒன்று அச்சிட்ட வாழ்த்து அட்டைகள் வாங்கினேன்.

இன்டர்லோக்கன் முகாமுக்குள் நுழையும்போது ஐந்து மணி. வாசல் அறையில் இருந்த இளைஞர் எங்கள் பெயரைப் பார்த்து, சீட்டைக் கையில் கொடுத்தார். தாமதத்தைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. இந்தப் பூங்கா 1917-ல் உண்டானது. மானிஸ்டீயின் ரம்பங்களுக்குத் தப்பிய கன்னிப் பைன் மரங்கள் இங்கே கொஞ்சம் மிஞ்சியிருந்தன. அவற்றைக் காப்பாற்றத்தான் மாநிலச் சட்டமன்றம் 60,000 டாலர் கொடுத்து நிலத்தை வாங்கியது. காடு தீர்ந்த பிறகாவது யாருக்கோ தோன்றியிருக்கிறது. சாலைக்கு அந்தப் பக்கம் 1928-ல் தொடங்கிய கோடைகால இசை முகாம். கேபிளைச் செருகி, கட்டைகளை வைத்து முடிப்பதற்குள் அங்கிருந்து யாரோ ஒரு பிள்ளை ஒரே வரியைக் கிளாரினெட்டில் திரும்பத் திரும்ப வாசித்துப் பழகுவது கேட்டது.

ஜனவரியில், வெளியே பனி கொட்டும் காலை எட்டு மணிக்கு, ஜூலைக்கான பதிவு திறக்கும். இந்த வருடம் அவர் மேக்கினா பாலத்தைத் தாண்டி நேராக டக்வாமெனன் அருவிக்குப் போகலாம் என்றார். நான் வரைபடத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். பாலத்துக்கு இந்தப் பக்கமே சார்லவாயில் ஃபிஷர்மன்ஸ் ஐலண்டு, பிறகு பெட்டோஸ்கி, அதற்கு மேலே வில்டர்னஸ் என்று மூன்று மாநிலப் பூங்காக்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரு மணி நேரப் பாதைதான்.

"இப்படியே போனா பாலம் தாண்டவே மாட்டோம்" என்றார்.

"ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு நாள் வேணும்" என்றேன். அப்போதுதான் அதன் காரணத்தையும் அவரிடம் சொன்னேன். அவர் அருவியை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைத்தார்.